தப்பித்தல் இலக்கியமும் ஒரு காதல் நாவலாசிரியையின் வரவு செலவும்

1

‘தப்பித்தல் இலக்கியம்’ என்ற சொல் நம் விமர்சனத்தில் ஒரு தீர்ப்பாகவே புழங்கி வந்திருக்கிறது. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேரே தீர்ப்புதான். ஒரு நாவலைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. அதை எழுதியது யார், எந்த நிலைமையில் எழுதினார் என்று கேட்க வேண்டிய அவசியம் அதைவிட இல்லை. யதார்த்தத்திலிருந்து வாசகரைத் தப்பிக்க வைக்கிறது, ஆகவே பிற்போக்கானது, ஆகவே ஒதுக்கத்தக்கது. வாசகர் என்பதைவிட வாசகி என்பதே இங்கு பொருந்தும். ஏனெனில் பெண்கள் விரும்பிப் படிக்கிற புத்தகங்களுக்குத்தான் இந்தத் தீர்ப்பு தாராளமாக வழங்கப்பட்டிருக்கிறது.

தீர்ப்புக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1932இல் க்யூ.டி. லீவிஸ் ‘ஃபிக்‌ஷன் அண்ட் தி ரீடிங் பப்ளிக்’ என்ற நூலில் வெகுஜன நாவல் வாசிப்பைப் போதைப் பழக்கத்தோடு சேர்த்து வைத்துப் பேசினார். 1940களில் அமெரிக்காவில் அகதிகளாக இருந்த அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் ‘பண்பாட்டுத் தொழில்துறை’ என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார்கள். உழைத்துக் களைத்தவர்களுக்குத் தரப்படும் பொழுதுபோக்கு அவர்களை மறுநாள் உழைப்புக்கே தயார் செய்கிறது என்றார்கள். 1970இல் ஜெர்மெய்ன் க்ரீயர் ‘தி ஃபீமேல் யூனக்’ நூலில் காதல் நாவல்களின் நாயகனைப் பெண்ணடிமைத்தனத்தின் கருவியாக வாசித்தார். மேட்டிமைவாதி, மார்க்சியர், பெண்ணியவாதி என்று மூன்று திசையிலிருந்து வந்தவர்களும் இந்த ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

1980களில் கொஞ்சம் மாற்றம் வந்தது. டானியா மொட்லெஸ்கி (1982), ஜானிஸ் ராட்வே (1984) ஆகியோர் வாசகியின் பக்கம் திரும்பினார்கள். ராட்வே அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் ஒரு சிற்றூரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே போய்ப் பேசினார். மனைவி, தாய் என்ற இடைவிடாத வேலையிலிருந்து ‘இந்த ஒரு மணி நேரம் என்னுடையது’ என்று பிரித்து எடுத்துக்கொள்ளும் செயலாக அந்த வாசிப்பை அவர் விளக்கினார். முக்கியமான நகர்வு இது, மறுப்பதற்கில்லை.

ஆனால் இத்தனை பேச்சிலும் ஓர் ஆள் காணாமல் போயிருப்பதைக் கவனிக்க வேண்டும். பிரதி இருக்கிறது, வாசகி இருக்கிறாள், பதிப்பகம் இருக்கிறது. தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்து, மாசாமாசம் பக்கம் எண்ணிக்கொண்டிருந்தவள் எங்கே? ‘ஆசிரியனின் மரணம்’ பிரகடனம் செய்யப்படுவதற்கு வெகு முன்பே இந்த ஆசிரியைகள் செத்துப்போனவர்களாகத்தான் நடத்தப்பட்டார்கள். ஆசிரியர் என்ற தகுதியே தரப்படாதவருக்கு ஏது மரணம்?

வால்டர் பெஞ்சமின் 1934இல், பாரிஸில் அகதியாக இருந்த காலத்தில், ‘உற்பத்தியாளராக ஆசிரியன்’ என்ற உரையை எழுதினார். ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கருத்து வைத்திருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த உறவுகளுக்குள் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். இந்தக் கேள்வியை நாம் பிரெக்டுக்குக் கேட்டோம், ரஷ்ய எழுத்தாளர்களுக்குக் கேட்டோம். காதல் நாவல் எழுதி வயிறு கழுவியவளுக்குக் கேட்டதில்லை. அதைத்தான் நான் இங்கே கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

கேட்பதற்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன். ஐடா குக் (1904–1986). மேரி பர்ச்செல் என்ற பெயரில் 1936 தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ‘மில்ஸ் அண்ட் பூன்’ பதிப்பகத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட காதல் நாவல்கள் எழுதியவர். சென்னையின் வாடகை நூலகங்களில் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்த அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வெளியே சொல்வதில்லை.

2

ஐடாவின் தகப்பனார் சுங்கத் துறை அதிகாரி. நான்கு பிள்ளைகளில் ஐடாவும் மூன்று வயது மூத்த லூயீஸும் ஒருவரை ஒருவர் பிரியாத சகோதரிகள். இருவரும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லண்டனுக்குக் குடிவந்த பிறகு இருவருமே அரசாங்க அலுவலகங்களில் கீழ்மட்ட வேலையில் சேர்ந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் லண்டனில் பெருகிய தட்டச்சுப் பெண்களின் கூட்டத்தில் இவர்கள் இரண்டு பேர்.

1923இல் லூயீஸ் ஒரு கிராமஃபோன் வாங்கினார். அதிலிருந்து பிடித்தது ஆப்பரா பைத்தியம். அமெலிட்டா காலி-குர்ச்சி என்ற பாடகியை நேரில் கேட்பதற்கு நியூயார்க் போயே தீருவது என்று முடிவு செய்து, மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்து இரண்டு வருஷம் காசு சேர்த்து, 1926இல் கப்பலேறினார்கள். போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு வேண்டுமே? ‘மேப்ஸ் ஃபேஷன்ஸ்’ என்ற தையல் பத்திரிகையின் மாதிரிகளைப் பார்த்துத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்திரிகைக்கு எழுதப்போய்த்தான் ஐடாவுக்கு அங்கேயே துணையாசிரியர் வேலை கிடைத்தது. பத்திரிகை வேலை தொடர்கதையில் கொண்டுபோய் விட்டது, தொடர்கதை நாவலில். 1936இல் முதல் நாவல் ‘வைஃப் டு கிறிஸ்டஃபர்’ வெளிவந்தது.

இதில் ‘உள்ளுந்துதல்’, ‘படைப்பின் வலி’ போன்ற சொற்களுக்கு எங்கும் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கூலி வேலையிலிருந்து அதைவிடக் கொஞ்சம் நல்ல கூலி கிடைக்கும் இன்னொரு வேலைக்கு நகர்ந்த கதை இது. அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்தவர், வீட்டில் தான் எழுதியதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். பொறி ஒன்றுதான்.

வேலை கொடுத்த நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில்ஸ் அண்ட் பூன் 1908இல் ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் தொடங்கியது. அப்போது அது காதல் கதைப் பதிப்பகம் அல்ல. ஜாக் லண்டனின் புத்தகங்களையும் அது பிரிட்டனில் வெளியிட்டிருக்கிறது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் எது நிச்சயமாக விற்கிறது என்று பார்த்து, பெண்கள் படிக்கும் காதல் நாவல்களில் மட்டும் கவனத்தைக் குவித்தது. பழுப்பு நிறக் கெட்டி அட்டையில் வந்த அந்தப் புத்தகங்களை வாசகிகள் கடையில் வாங்கியது குறைவு. வாங்கியவை வாடகை நூலகங்கள். பூட்ஸ் மருந்துக்கடைகளுக்குள்ளேயே ஒரு நூலகம், டபிள்யூ.ஹெச். ஸ்மித் கடைகளில் ஒரு நூலகம், இவற்றுக்குக் கீழே தெருமுனைப் பெட்டிக்கடைகளில் புத்தகத்துக்கு இரண்டு பென்ஸ் வாடகை வாங்கும் நூலகங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. அன்றைக்குப் புது நாவலின் வழக்கமான விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 90 பென்ஸ். முழு விலை கொடுத்து வாங்கினாலும், இரண்டு பென்ஸ் வீதம் 45 பேர் எடுத்துப் படித்தால் நூலகத்துக்கு முதல் திரும்பிவிடும். எடுத்துப் போனவர்கள் யார்? கடைப் பெண்கள், தட்டச்சர்கள், ஆலைத் தொழிலாளிகள், வீட்டு வேலைக்காரிகள், இவர்களோடு குடும்பப் பெண்கள். ஒரு தட்டச்சுப் பெண் தன்னைப் போன்ற தட்டச்சுப் பெண்கள் கொடுக்கிற இரண்டு பென்ஸிலிருந்து ராயல்டி வாங்கினார். நூலுக்கு முன்னால் மகளிர் வார இதழ்களில் தொடராகப் போட்டால் அதற்குத் தனிப் பணம். ஆனால் தொடர் என்றால் ஒவ்வொரு வாரமும் எங்கே முறித்து நிறுத்துவது, நாயகி எதுவரை போகலாம், எதைத் தாண்டக் கூடாது என்பதில் பத்திரிகை ஆசிரியரின் விருப்பமும் சேர்ந்தது. கலை சுதந்திரம் பற்றிப் பேசும் நாம் இதை ‘சமரசம்’ என்போம். வேலை செய்பவர்கள் இதை வேலை என்றுதான் சொல்வார்கள்.

இதே காலத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அப்படியொரு இரண்டு பென்ஸ் நூலகம் வைத்திருந்த பழைய புத்தகக் கடையில் ஜார்ஜ் ஆர்வெல் வேலை பார்த்தார். அந்த அனுபவத்தை 1936இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதிகம் வெளியே போன எழுத்தாளர் எதெல் எம். டெல் என்ற காதல் நாவலாசிரியை என்று பதிவு செய்தார். அதே 1936இல் வந்த ‘கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃபிளையிங்’ நாவலில் வரும் கவிஞன் இப்படியொரு நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் எடுக்க வருகிறவர்களையும் புத்தகங்களையும் வெறுக்கிறான். நம் சிறுபத்திரிகைக் கவிஞர்கள் பலருக்கு அவன் அண்ணன் முறை. மேசைக்கு இந்தப் பக்கம் அவன் முகம் சுளித்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் போன பணத்தின் ஒரு சிறு பகுதி ஐடா குக்கின் கைக்கு வரத் தொடங்கியது. அங்கிருந்து அது எங்கே போயிற்று என்பதுதான் விஷயம்.

3

சகோதரிகளின் ஆப்பரா நட்பு வட்டத்தில் கிளெமென்ஸ் க்ரவுஸ் என்ற ஆஸ்திரிய இசை நடத்துநரும், அவருடைய துணைவியான பாடகி வியோரிகா உர்சுலியாக்கும் இருந்தார்கள். 1934இல் இவர்கள், ‘எங்கள் சிநேகிதி ஒருத்தி லண்டன் வருகிறாள், கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். வந்தவர் மிட்டியா மேயர்-லிஸ்மான், இசை விரிவுரையாளர், ஃபிராங்க்ஃபர்ட்காரர். அவர் யூதர் என்பதும், யூதராக இருப்பதற்கு ஜெர்மனியில் என்ன பொருள் என்பதும் அவரோடு பழகப் பழகத்தான் இந்த இருவருக்கும் தெரியவந்தது. அரசியல் ஞானம் கட்சி வகுப்பில் வரவில்லை, விருந்தாளியின் வாய்வழியாக வந்தது.

அந்தச் சிநேகிதியின் குடும்பத்தில் தொடங்கி, 1937 முதல் 1939 ஆகஸ்ட் வரை 29 பேர் நாஜி ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வெளியேற இந்தச் சகோதரிகள் வழி செய்தார்கள். எப்படி?

இங்கே பிரிட்டிஷ் அரசின் விதிகளைப் பார்க்க வேண்டும். ஹிட்லரின் கொடுமை பற்றி லண்டனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அகதி அரசாங்கத்தின் செலவில் விழுந்துவிடக் கூடாது என்பது அதன் முதல் கவலை. வேலை செய்யும் உரிமை பொதுவாகக் கிடையாது, பெண்களுக்கு வீட்டு வேலைக்காரியாக வர அனுமதி உண்டு. மற்றவர்களுக்கு, ‘இவர் செலவுக்கு நான் பொறுப்பு’ என்று ஒரு பிரிட்டிஷ் குடிமகன் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். மறுபக்கம் ஜெர்மனி, வெளியேறும் யூதர் கையில் பத்து மார்க் மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பிடுங்கிக்கொண்டது. ஓர் அரசு பணத்தைப் பறிக்கிறது, இன்னோர் அரசு பணம் இருந்தால் வா என்கிறது. இந்த இரண்டு அரசுகளுக்கும் நடுவே உயிர்கள் மாட்டிக்கொண்டிருந்தன. 1938 நவம்பர் வன்முறைக்குப் பிறகு முகாம்களில் அடைக்கப்பட்ட ஆண்களில் பலர் வெளிநாடு போகக் காகிதம் காட்டினால் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் காகிதத்தின் விலை ஒரு பிணை.

ஐடா குக் பிணை எழுதினார். காதல் நாவலின் வருமானத்தைக் காட்டித்தான் எழுதினார். முதன்முதலாகக் கையில் நாலு காசு புழங்கத் தொடங்கிய நேரம் அது. சிக்கனமாகவே வாழ்ந்து பழகியவர், அந்தக் காசை அனுபவிக்கப் பழகுவதற்கு முன்பே அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. தன் சம்பாத்தியம் தாங்காத இடத்தில் மற்றவர்களைத் தேடிப்போய்ப் பிணை கேட்டார். லண்டன் டால்ஃபின் ஸ்கொயரில் ஒரு ஃபிளாட் எடுத்து, வந்து இறங்குகிறவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார்.

பயணம் வார இறுதியில். லூயீஸுக்கு ஆபீஸ் உண்டு, லீவு கேட்க முடியாது. ஆபீஸ் முடிந்ததும் க்ராய்டன் விமான நிலையம், அங்கிருந்து கொலோன், பிறகு ரயிலில் ஃபிராங்க்ஃபர்ட். திரும்பும்போது வேறு பாதையில் ரயிலேறி, ஹாலந்து வழியாகக் கப்பலில் ஹார்விச். போனபோது பார்த்த எல்லை அதிகாரி வரும்போது பார்க்கக் கூடாது. ஏன்? போகும்போது சாதாரண உடுப்பில் போனவர்கள் வரும்போது ஃபர் கோட்டும் வைர நகையுமாக வருகிறார்களே! அவை வெளியேறத் துடிக்கும் குடும்பங்களின் சொத்து. லண்டனில் அவர்களுக்கு வாழ வழியுண்டு என்று காட்ட அது தேவை. கோட்டுகளில் ஜெர்மன் கடை அடையாளத் துணியைப் பிரித்துவிட்டு லண்டன் கடைத் துணியை வைத்துத் தைத்தார்கள். பெரிய வைர ப்ரூச்சை மலிவு விலை ஸ்வெட்டரில் குத்திக்கொண்டால் பார்க்கிறவர்கள் கண்ணாடிக்கல் என்றே நினைப்பார்கள். தோடு மட்டும் எடுத்து வருவதில்லை, இருவருக்கும் காது குத்தியிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை லூயீஸ் தன் மேசையில் இருப்பார். ஐடாவுக்கு அடுத்த அத்தியாயம் காத்திருக்கும்.

‘ஏன் அடிக்கடி வருகிறீர்கள்?’ என்று கேட்டால் பதில் தயார்: ஆப்பரா. க்ரவுஸ் 1937இல் மியூனிக் ஆப்பராவின் தலைமைக்கு வந்தபின், இவர்கள் எந்தத் தேதியில் வர வேண்டுமோ அந்தத் தேதிக்கு நிகழ்ச்சி அமையும்படி பார்த்துக்கொண்டார். தங்குவது நாஜித் தலைவர்கள் தங்கும் பெரிய ஹோட்டல்களிலேயே. அங்கே தங்குகிறவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த ஹோட்டல் பில்லையும் மேரி பர்ச்செல்தான் கட்டினார்.

இங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். இவர்களுடைய உண்மையான கடவுச்சீட்டு எது? கல்யாணமாகாத, நடுத்தர வயதை நெருங்குகிற, பாட்டுப் பைத்தியம் பிடித்த, அசட்டு இங்கிலீஷ்காரிகள் என்ற பிம்பம். எல்லை அதிகாரி அந்தப் பிம்பத்தைப் பார்த்தான், சிரித்தான், விட்டுவிட்டான். சரி, இந்தப் பிம்பத்தை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? காதல் நாவல் வாசகியைப் பற்றி விமர்சகர்கள் வரைந்து வைத்திருக்கும் படம் அச்சு அசலாக இதுதானே? தனிமையில் வாடும், பகற்கனவு காணும், விவரம் போதாத பெண். அதிகாரத்தின் கண்ணும் விமர்சனத்தின் கண்ணும் ஒரே இடத்தில் குருடாக இருந்தன என்பதை நாம் எளிதாகக் கடந்துபோய்விடக் கூடாது. அந்த இகழ்ச்சியை இவர்கள் எதிர்த்து வாதாடவில்லை. போர்த்திக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள்.

4

இதில் வெற்றிக் கதை வாசனை வருவதை நானும் உணர்கிறேன். விவரங்களில் பெரும்பகுதி ஐடா 1950இல் எழுதிய ‘வி ஃபாலோட் அவர் ஸ்டார்ஸ்’ என்ற தன்வரலாற்றிலிருந்து வருபவை. எழுதியவர் தொழில்முறைக் காதல் நாவலாசிரியை. பயத்தைக்கூட லேசான குரலில் சொல்கிற, ஒவ்வொரு சம்பவத்தையும் முடிச்சுப் போட்டு அவிழ்க்கிற பழக்கம் அந்தக் கைக்கு உண்டு. ஆனால் 29 பேர் என்பது கதை அல்ல. 1965இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் சகோதரிகள் இருவரையும் யூதர்களைக் காத்த பிற இனத்தவர் வரிசையில் அங்கீகரித்தது. 2010இல், இருவரும் இறந்து வெகு காலத்துக்குப் பின், பிரிட்டிஷ் அரசும் ஒரு பதக்கம் கொடுத்தது. 1930களில் பிணைப் பத்திரம் கேட்ட அதே அரசு.

போர் தொடங்கியதும் எல்லைகள் மூடின. கையில் மிச்சமிருந்த பெயர்களுக்கு இனி எதுவும் செய்ய முடியாது. விமானக் குண்டுவீச்சின்போது லண்டனின் ஏழைப் பகுதி ஒன்றின் பதுங்குமிடத்தில் ஐடா இரவுகளில் வேலை செய்தார். 1940 முதல் பிரிட்டனில் காகிதத்துக்கு ரேஷன் வந்தது. படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெருகினார்கள், அச்சிடக் காகிதமில்லை. எழுதுகிறவருக்கு இதைவிட விநோதமான சந்தை வேறு என்ன வேண்டும்?

அடுத்த இறக்கம் 1950களின் கடைசியில். தொலைக்காட்சி வந்தது, பொது நூலகங்கள் வளர்ந்தன, வாடகை நூலகங்கள் சரிந்தன. டபிள்யூ.ஹெச். ஸ்மித் 1961இல் தன் நூலகத்தை மூடியது, பூட்ஸ் 1966இல் மூடியது. கெட்டி அட்டை நாவலை வாங்க ஆளில்லாமல் போனபோது அந்தத் தொழிலை ஒரு கனடா நிறுவனம் தூக்கி நிறுத்தியது. 1949இல் வின்னிபெக்கில் தொடங்கப்பட்ட ஹார்லெக்வின், 1957 முதல் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை மலிவுப் பதிப்பாக மறுபதிப்புச் செய்து பார்த்து, லாபம் கண்டு, 1971இல் மில்ஸ் அண்ட் பூனையே விலைக்கு வாங்கிக்கொண்டது. அடுத்து அதன் தலைமைக்கு வந்தவர் சோப்பு விற்கும் கம்பெனியிலிருந்து வந்த விற்பனை நிபுணர். ஆசிரியரின் பெயரைவிட வரிசையின் பெயரைப் பெரிதாகப் போட்டு, சோப்புக்கட்டி மாதிரி விற்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அடோர்னோ எழுதியது அப்படியே நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சோப்புத் தொழிற்சாலையிலும் தொழிலாளி உண்டு என்பதை அடோர்னோ எழுதவில்லை.

அந்தத் தொழிலாளிகள் தங்களுக்கென்று ஓர் அமைப்பு வைத்துக்கொண்டார்கள். 1960இல் பிரிட்டனில் காதல் நாவலாசிரியர் சங்கம் தொடங்கப்பட்டது. டெனிஸ் ராபின்ஸ் முதல் தலைவர். 1966 முதல் சாகும்வரை, இருபது வருஷம், ஐடா குக் தலைவர். மதிப்புரைப் பக்கங்களில் இடமில்லாத, விருதுப் பட்டியல்களில் பெயரில்லாத எழுத்தாளர்களின் சங்கம் அது. அந்தம்மா தன் தொழிலைப் பற்றி என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. 1965இல் ‘எ சாங் பிகின்ஸ்’ நாவலோடு தொடங்கிய வாரண்டர் வரிசையில், தனக்குப் பிரியமான ஆப்பரா உலகத்தையே காதல் கதைக்குள் கொண்டுவந்தார். கதை என்னவோ பழைய கதைதான்: கடுமையான ஆண் இசை நடத்துநர், அவரிடம் பாடம் கற்கும் ஏழைப் பெண். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தொழில் ஒன்று இருக்கிறது, அந்தத் தொழிலைக் கற்றுத் தேறுவதுதான் அவள் கதை.

தொழிலின் நிலைமை ஐடாவோடு முடிந்துவிடவில்லை. 2012இல் ஹார்லெக்வினின் எழுத்தாளர்கள் சிலர் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். மின்நூல் உரிமையைக் கம்பெனி தன்னுடைய துணை நிறுவனத்துக்கே குறைந்த விலைக்குக் கைமாற்றி, அந்தக் குறைந்த தொகையில் பாதியைத்தான் ராயல்டி என்று கொடுக்கிறது என்பது புகார். நிறுவனம் குற்றத்தை ஏற்காமலே வழக்கு 2016இல் 41 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. காதல் நாவலின் கருத்தியல் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கும் பல்கலைக்கழகங்கள் இந்த வழக்கை எத்தனை பக்கத்தில் எழுதின?

5

ஒரு மறுப்பு உடனே வரும். ‘எழுதியவள் நல்லவள், சரி. அதனால் நாவல் நல்லதாகிவிடுமா? பிணை எழுதிக் கொடுத்ததால் பெண்ணடிமைக் கருத்தியல் கரைந்துவிடுமா?’ ஆகாது. கரையாது. மேரி பர்ச்செல்லின் நாவல்களைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பணக்கார ஆணின் மனம் இளகுவதில் பெண்ணின் வாழ்க்கை நிறைவடைகிறது என்ற கதையாடல் என்ன வேலை செய்கிறது என்பது பற்றி க்ரீயர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கிளெமென்ஸ் க்ரவுஸும் சிக்கலான ஆள்தான். மற்ற கலைஞர்கள் நாஜிகளை எதிர்த்து விலகியபோது காலியான நாற்காலிகளில் உட்கார்ந்தவர், போருக்குப் பின் கொஞ்ச காலம் மேடை ஏறத் தடை விதிக்கப்பட்டவர். அதே ஆள் நிகழ்ச்சி நிரலை மாற்றி உயிர்களைக் காப்பாற்ற உதவியிருக்கிறார். யாருக்கும் நற்சான்றிதழ் வழங்குவது என் நோக்கமல்ல.

நான் சொல்ல வருவது வேறு. ஒரு பிரதியின் அரசியலைப் பிரதிக்குள் மட்டும் தோண்டி எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்குப் போதவில்லை. ‘எல்லாம் பிரதி’ என்று சொல்லிச் சொல்லி, பிரதியை உண்டாக்கிய உழைப்பு, அதற்குக் கிடைத்த கூலி, அந்தக் கூலி போய்ச் சேர்ந்த இடம் ஆகிய மூன்றையும் விமர்சனத்துக்கு வெளியே தள்ளிவிட்டோம். இந்த மூன்றையும் உள்ளே கொண்டுவந்தால் ‘தப்பித்தல் இலக்கியம்’ என்ற தீர்ப்பு எப்படித் தடுமாறுகிறது என்று பாருங்கள். லண்டனில் ஒரு கடைப் பெண் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பென்ஸ் கொடுத்து, தன் வாழ்க்கையிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பிக்கிறாள். அந்த இரண்டு பென்ஸ் மற்ற பென்ஸ்களோடு சேர்ந்து நூலகத்தின் வழியாகப் பதிப்பகத்துக்கும், அங்கிருந்து எழுதியவளுக்கும் போகிறது. அது உள்துறை அலுவலகத்தில் ஒரு பிணையாக மாறுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு குடும்பம் தப்பிக்கிறது. அந்தக் கடைப் பெண்ணுக்கு இது தெரியாது. எல்லை அதிகாரிக்கும் தெரியாது. விமர்சகருக்கும் தெரியவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. பண்பாட்டுத் தொழில்துறை பற்றிய கோட்பாட்டின் ஊர் அது. அந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட ஆய்வு நிறுவனம் ஜெனிவா வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தது. வெகுஜனப் பண்டங்கள் மனிதர்களை எப்படி மழுங்கடிக்கின்றன என்று அந்த ஊரின் அறிஞர்கள் எழுதுவதற்குச் சில வருஷம் முன்னால், அதே ஊரின் சில சாதாரண யூதக் குடும்பங்கள் ஒரு வெகுஜனப் பண்டத்தின் லாபத்தில் உயிர் பிழைத்திருந்தன. இதை அடோர்னோவுக்கு எதிரான வாதமாக நான் வைக்கவில்லை. அந்தக் கோட்பாட்டுக்குத் தேவையான ஓர் அடிக்குறிப்பாக வைக்கிறேன்.

பெஞ்சமினின் கதை நமக்குத் தெரியும். அமெரிக்கா போக விசா இருந்தது, பிரான்சைவிட்டு வெளியேற அனுமதி இல்லை. 1940 செப்டம்பரில், பிரெனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து போர்ட்பூ என்ற ஸ்பானிய எல்லை ஊரில் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுத்தாளனை உற்பத்தி உறவுகளுக்குள் வைத்துப் பார் என்று சொன்னவரைக் கொன்றது, கையில் இல்லாத ஒரு காகிதம். ஐடா குக்கின் 29 பேருக்கு அந்த மாதிரிக் காகிதங்கள் கிடைத்தன. முப்பதாவது ஆளுக்குப் பணம் போதவில்லை அல்லது நாள் போதவில்லை. ஒரு நாவலாசிரியையின் ராயல்டி தாங்கக்கூடிய எல்லைக்குள் மனித உயிர்களை வரிசைப்படுத்த வைத்த அரசுகளைப் பற்றித்தான் முதலில் கோபப்பட வேண்டும். தனிமனித அறத்தைப் புகழ்ந்து பேசுவதில் அந்தக் கோபம் கரைந்துவிடக் கூடாது.

நம்மிடத்திலும் மாத நாவலுக்கும் வார இதழ்த் தொடருக்கும் எழுதிக் குடும்பம் நடத்திய பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பக்கத்துக்கு என்ன கிடைத்தது, மறுபதிப்புக்குக் கிடைத்ததா, யாருடைய படிப்பு, யாருடைய மருந்து, யாருடைய கல்யாணம் அந்தப் பணத்தில் நடந்தது என்ற வரலாறு எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம்தான். நாம் வணிக எழுத்து என்று கோடு கிழித்த இடத்திலேயே அந்த ஆவணங்களையும் வெளியே தள்ளிவிட்டோம். கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கிறது என்பதையாவது பார்க்கச் சொல்கிறேன்.

‘தப்பித்தல்’ என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம். நல்ல சொல்தான். ஆனால் அதைச் சொல்லும்போது இனிமேல் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம்: தப்பித்தது யார், எங்கிருந்து, எங்கே போய்ச் சேர்ந்தார், யாருடைய செலவில்?